தட்டியின் பின்பக்கம்

அத்தியாயம் 9

டீச்சர் துப்பறிவார், நான் எழுதுவேன். வாசகர் தூங்கிவிடாமல் இருக்க நடுநடுவே இரண்டு ஜோக் அடிப்பேன். எட்டு அத்தியாயமாக இப்படித்தான் வண்டி ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த ஒன்பதாவதை மட்டும் விட்டுவிடலாமா என்று அவரிடம் கேட்டுப் பார்த்தேன். "மத்தவங்க தப்பையெல்லாம் எழுதின இல்ல, இதையும் எழுது" என்றார். எழுதுகிறேன். ஜோக் வழக்கத்தைவிடக் குறைவாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதும்போதே காது சுடுகிறது.

சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு டீச்சருக்குப் போன் செய்ததே நான்தான். ஆசைப்பட்டுச் செய்யவில்லை. நான் நம்பரை அழுத்துகிறேனா என்று டைரக்டர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

இடம், நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய கூடம். அங்கே ஒரு நாடகக் குழு இயங்குகிறது. யாருக்கும் சம்பளம் கிடையாது. எல்லாரும் வேறு வேலை பார்த்துக்கொண்டே ஆசைக்கு வருகிறவர்கள். டைரக்டர் வார நாட்களில் இன்ஷூரன்ஸ் ஆபீசர். விளக்குகளைக் கவனிக்கும் லைட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பெயிண்ட் வேலைக்கு வரும் பெண்மணி பல் ஆஸ்பத்திரிகளுக்குப் பொய்ப்பல் செய்து கொடுப்பவர். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேச மாட்டார். எல்லாரும் அவரைப் பல் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். நான் மூன்று மாதமாகச் சனி, ஞாயிறுகளிலும் கடைசி வாரத்தில் தினமும் போய், பலகை தூக்கிக்கொண்டும் ஆணி அடித்துக்கொண்டும் பிரஷ் கழுவிக்கொண்டும் இருந்தேன்.

மறுநாள் மாலை நாடகம். அதில் ஒரு பழைய செங்கல் சுவர் வருகிறது. மரச்சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டி அதன்மேல் வரைந்த சுவர். நாடகக்காரர்கள் இதைத் தட்டி என்பார்கள். பன்னிரண்டு அடி உயரம், இருபது அடி அகலம். விரிசல், பாசி, மேலிருந்து தொங்கும் கொடி எல்லாம் உண்டு. ஒரு செங்கல்லின் சிவப்பு அடுத்த செங்கல்லில் இருக்காது. கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தாலொழிய அது துணி என்று நம்ப மாட்டீர்கள். கூடத்து வாசலில் மாட்டியிருந்த பலகையில் 'அரங்க அமைப்பு' என்பதற்கு எதிரே என் பெயர் இருந்தது.

அந்தப் பெயரைப் பார்க்கத்தான் என் மாமனார் வருவதாக இருந்தார். அவர் சைன்போர்டு கடை வைத்திருப்பவர். பத்து வருடமாக என்னை யாருக்காவது அறிமுகப்படுத்த வேண்டி வந்தால், நம்ம பொண்ணோட வீட்டுக்காரர் என்று முனகிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார். துப்பறியும் நிபுணரின் உதவியாளர் என்பதை அவர் ஒரு வேலையாகவே ஒப்புக்கொண்டதில்லை. என் மனைவி அந்தப் பலகையைப் படம் எடுத்து அனுப்பியதும் மனிதர் அடியோடு மாறிவிட்டார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் எங்க மாப்பிள்ளை டிசைனர் என்கிறாராம். மறுநாள் வேன் பிடித்து எட்டு உறவுக்காரர்களைக் கூட்டி வருவதாக இருந்தார். அதில் மூன்று பேர், இந்த மாப்பிள்ளை வேண்டாம் என்று அப்போதே சொன்னவர்கள்.

இனி நடந்தது. காலையில் கடைசி ஒத்திகை. முதல் இரண்டு காட்சியும் மஞ்சள் வெளிச்சத்தில் நடந்தன, குறையில்லை. மூன்றாவது நிலாக் காட்சி. லைட்டுக்காரர் மஞ்சளை இறக்கி நீலத்தை ஏற்றினார். செங்கற்கள் இருண்டன. அந்த இருட்டில் இரண்டு வார்த்தைகள் ஓர் ஆள் உயரத்துக்கு வெளிறி எழுந்து நின்றன.

வரைந்தது யார்?

கதாநாயகி வசனத்தை மறந்து சுவரையே பார்த்தாள். காட்சி முடிந்து மஞ்சள் வெளிச்சம் வந்ததும் எழுத்தைக் காணோம். டியூப் லைட்டைப் போட்டுப் பார்த்தோம், வெறும் செங்கல்தான். யாரோ பேய் என்றார்கள். பேய்க்குக் கேள்விக்குறி போடத் தெரியுமா என்று நான் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

டைரக்டர் நேராக லைட்டுக்காரரைப் பிடித்துக்கொண்டார். போன வாரம்தான் இருவருக்கும் அந்த நீல வெளிச்சம் போதுமா போதாதா என்று பெரிய வாக்குவாதம் நடந்திருந்தது. நீ ஏதாவது பார்த்தாயா தம்பி என்று என்னைக் கேட்டார். நேற்று சாயங்காலம் லைட்டுக்காரரை ஏணி மேல் பார்த்தேன் என்றேன். பார்த்தது உண்மைதான். விளக்கு மாட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பாதியை நான் சொல்லவில்லை.

லைட்டுக்காரர் சண்டை போடவில்லை. விளக்கறைச் சாவியை மேஜை மேல் வைத்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டு வந்திருந்த ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தார். அப்போதுதான் டைரக்டருக்கு என் முதலாளியின் ஞாபகம் வந்தது. துப்பறியும் ஆள் உன் கையிலேயே இருக்கும்போது நாம் ஏன் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும் என்றார். மூன்று மாதமாக டீச்சரின் பெருமையை அந்தக் கூடத்தில் அளந்துவிட்டவன் நான்தான். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

டீச்சர் பன்னிரண்டு மணிக்கு வந்தார். தோளில் துணிப்பை, காலில் கேன்வாஸ் ஷூ. முப்பது வருடம் கணக்குப் பாடம் எடுத்தவர். யார் விடைத்தாளைப் பார்த்து யார் எழுதினார்கள் என்று கண்டுபிடிப்பதில் ஆரம்பித்துத்தான் இந்தத் தொழிலுக்கே வந்தார். என்னை வால் என்று கூப்பிடுவார். பின்னாலேயே வருவதாலா, சேட்டை செய்வதாலா என்று நான் கேட்டுக்கொண்டதில்லை.

எல்லாரையும் நாற்காலிகளில் உட்காரச் சொன்னார். லைட்டுக்காரரிடம் விளக்குக்கு முன்னால் செருகும் நீலக் காகிதத்தில் ஒரு துண்டு கேட்டு வாங்கி, தன் டார்ச்சில் ரப்பர் பேண்டு போட்டு மாட்டினார். சுவருக்கு அருகே போய் அடித்தார். வட்டத்துக்குள் ஒரு எழுத்தின் வளைவு வந்தது. டார்ச்சை நகர்த்தினால் அதுவும் போயிற்று.

"இதுதான் உங்க பேய்" என்றார். கடையில் ஒரே நிறம் என்று வாங்கின இரண்டு துணி வெயிலில் வேறு வேறாகத் தெரிவதில்லையா, அதுதான் இது என்று விளக்கினார். செங்கல் சிவப்பில் கடுகளவு ரோஸைக் கலந்து எழுதியிருக்கிறார்கள். மஞ்சளில் இரண்டும் ஒன்று. டியூப் லைட்டில் கொஞ்சம் வித்தியாசம் தெரியலாம். ஆனால் இந்தச் சுவரில்தான் செங்கல்லுக்குச் செங்கல் நிறம் மாறுகிறதே, யார் கண்ணில் படும்? நீலத்தில் மட்டும் ரோஸ் தனியாக நிற்கிறது.

இந்தச் சங்கதி தெரிந்தவர்கள் இங்கே யார் என்று கேட்டார். எனக்குத் தெரியும் என்று ஒயரைச் சுருட்டியபடியே லைட்டுக்காரர் சொன்னார். டைரக்டர் வழக்கு முடிந்துவிட்டது என்பதாகக் கையை விரித்தார். அப்போது கடைசி வரிசையிலிருந்து பல் அக்காவும் கையைத் தூக்கினார். பொய்ப்பல்லுக்கு நிறம் பார்க்கும்போது டியூப் லைட்டில் ஒரு தடவை, ஜன்னலோரம் ஒரு தடவை பார்ப்பது என் வேலை என்றார். அவ்வளவுதான், கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

டீச்சர் என் பக்கம் திரும்பினார். எனக்குக் கறுப்பு வெள்ளையிலேயே சந்தேகம் டீச்சர் என்றேன். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

ஏணியைப் பிடிக்கச் சொல்லி மேலே ஏறினார். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் போனார். நான் கீழே நின்று அவருடைய ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கால் மணி நேரம் ஆயிற்று.

"வால், ஒருத்தன் கோபத்துல அடுத்தவன் வீட்டுச் சுவர்ல கிறுக்கறான்னு வை. விரிசல் வந்தா என்ன பண்ணுவான்?"

"அது மேலேயே கிறுக்கிட்டுப் போவான்."

"இங்க அப்படி இல்ல. விரிசல் வர்ற இடத்துல எல்லாம் பிரஷ் நின்னு, சுத்திப் போயிருக்கு. கொடியில ஒரு இலை மேலகூட பெயிண்ட் படலை. கெடுக்க வந்தவங்க இவ்வளவு பத்திரமா கெடுக்க மாட்டாங்க." இறங்கி வந்து கையைத் துடைத்துக்கொண்டார். "அந்தச் செங்கல் கலரையும் அப்படியே பிடிச்சிருக்காங்க. எப்படிக் கலக்கினதுன்னு தெரியாம அது வராது. இந்தச் சுவரை வரைஞ்சவங்கதான் இதை எழுதியிருக்காங்க."

டைரக்டர் கணக்குப் புரியாதவர்போல விழித்தார். பிறகு மெதுவாக என்னைக் கைகாட்டினார். வரைந்தது இவன்தானே, பலகையிலேயே போட்டிருக்கிறதே என்றார். நாற்காலிகள் கிறீச்சிட்டன. மொத்தக் கூட்டமும் என்னைப் பார்த்தது.

சொந்தச் சுவரை நானே ஏன் கெடுக்கப்போகிறேன் என்று கேட்டேன். டீச்சர் தட்டிக்குப் பின்னால் போனார். நானும் போனேன். வேறு வழி தெரியவில்லை.

மேடைக்குப் பின்பக்கம் அழகு பார்க்கும் இடமில்லை. வெறும் பழுப்புத் துணி, பசை வழிந்த கறை, பென்சில் கோடுகள், மரச்சட்டத்தில் ஆணித் தலைகள். பழைய நாடகங்களின் தட்டிகள் சுவரோரம் சாய்ந்து கிடந்தன. ஒவ்வொன்றின் பின்னாலும் கீழ் மூலையில் ஒரு கையெழுத்து. இந்தக் குழுவில் அது ஒரு வழக்கம். தட்டியை யார் உருவாக்கினாரோ அவர் மட்டும் பின்பக்கம் மூலையில் கையெழுத்துப் போடலாம். பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, வேலை செய்தவர்களுக்குத் தெரியும். கிடைக்கிற ஒரே கூலி அதுதான். டீச்சர் ஒவ்வொன்றாகக் குனிந்து படித்துவிட்டு எங்கள் சுவரிடம் வந்தார்.

கீழ் மூலையில் உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறத்தில் புதுப் பெயிண்ட். மற்றபடி அந்தப் பின்பக்கத்தில் ஒரு பொட்டுப் பெயிண்ட் கிடையாது.

"யாரும் பாக்காத பக்கத்துக்கு எதுக்குப் பெயிண்ட்?"

ஈரம் ஏறாமல் இருக்க என்று ஆரம்பித்தேன். டீச்சர் என் வலது ஷூவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். முனையில் அதே சாம்பலில் ஒரு பொட்டு. வியாழக்கிழமையிலிருந்து அதைப் போட்டுக்கொண்டுதான் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறேன். துப்பறியும் நிபுணரின் உதவியாளராம்.

"ரெண்டுல ஒண்ணுதான், வால். சுவரை நீ வரைஞ்சிருந்தா, அதுல எழுதினதும் நீ. நீ எழுதலைன்னா, வரைஞ்சதும் நீ இல்ல. எது?"

"நாளைக்கு மாமனார் வர்றாரு டீச்சர்" என்றேன்.

"தெரியும். போன்லயே மூணு தடவை சொல்லிட்ட."

நாளை ஒரு நாள் போகட்டும், நாடகம் முடிந்ததும் நானே எல்லாரிடமும் சொல்லிவிடுகிறேன் என்று கெஞ்சினேன். ஆமாம், கெஞ்சினேன். டீச்சர் டார்ச்சிலிருந்து நீலக் காகிதத்தைக் கழற்றி மடித்தார்.

"அங்க ஒருத்தர் ஒயரைச் சுருட்டிட்டு இருக்காரு. கடைசி ஒயர் முடியறதுக்குள்ள நீ போய்ச் சொன்னா நல்லது. நான் சொல்ல மாட்டேன்."

இந்த எட்டு அத்தியாயத்திலும் குற்றவாளி மாட்டிக்கொள்ளும் இடத்தை நான் ரசித்து எழுதியிருக்கிறேன். முகம் வெளிறியது, வியர்த்தது, தலை குனிந்தது என்று கைக்கு வந்ததையெல்லாம் போட்டிருக்கிறேன். மேடை நடுவில் நின்றபோது எனக்கு வியர்க்கவில்லை. இருபது பேர் முகத்தில் எதைப் பார்ப்பது என்று தெரியாமல் நெருப்பணைக்கும் சிவப்பு சிலிண்டரைப் பார்த்துப் பேசினேன். அதுதான் வெட்கம் என்று இப்போது எனக்குத் தெரியும்.

சொன்னது இதுதான். ஆரம்பத்தில் ஒரு காகிதத்தில் சதுரம் போட்டு, அதற்குள் ஒரு கதவு போட்டு, இங்கே சுவர் என்று நான் எழுதினேன். என் வடிவமைப்பு அதோடு முடிந்தது. செங்கல், விரிசல், கொடி, கதவு இருக்கும் இடம்கூடப் பல் அக்கா யோசித்தது, பல் அக்கா வரைந்தது. டைரக்டர் பலகையில் பெயர்களை எழுதிக்கொண்டே அரங்க அமைப்பு யார் என்று கேட்டபோது, நான் அவருடைய பிரஷ்களைக் கழுவி எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தேன். கையில் பிரஷ் இருந்தது. டைரக்டர் என் பெயரை எழுதினார். நான் வாயைத் திறக்கவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். மறுநாள் மாமனார் போன் செய்து ஐந்து நிமிடம் பேசினார். பத்து வருடத்தில் அவர் என்னோடு அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை.

சைன்போர்டு எழுதுகிறவருக்கு மூலையில் கையெழுத்துப் போடும் வழக்கம் தெரியாமல் இருக்குமா? நாடகம் முடிந்ததும் தட்டியின் பின்னால் என் கையெழுத்தோடு நின்று படம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லிவிட்டார். புதன்கிழமை அக்கா அங்கே தன் கையெழுத்தைப் போட்டிருந்தார். வியாழக்கிழமை நான் அதன்மேல் சாம்பல் பெயிண்ட் அடித்தேன். அதற்கு மேல் என் பெயரை எழுத மட்டும் கை வரவில்லை. அதைப் பெரிய யோக்கியத்தனமாக அப்போது நினைத்துக்கொண்டேன்.

லைட்டுக்காரர் ஏணியில் நின்றது விளக்கு மாட்டத்தான், அதையும் மறைத்தேன் என்று முடித்தேன்.

"போர்டுல எழுதினப்பவே சொல்லியிருக்கலாம் இல்ல தம்பி" என்றார் டைரக்டர். அவர் குரலில் கோபம் இல்லை. குழப்பம்தான் இருந்தது, அது இன்னும் மோசம்.

பல் அக்கா எழுந்து மேடைக்கு வந்தார். முதலில் லைட்டுக்காரரிடம்தான் போனார். தான் எழுதியதற்கு அவர்மேல் பழி விழும் என்று யோசிக்கவில்லை என்று மன்னிப்புக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். உங்கள் கையெழுத்து அழிந்ததை எப்போது பார்த்தீர்கள் என்று நான் கேட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் பார்த்திருப்பார் என்பது என் கணக்கு.

"அழிக்கும்போதே பார்த்தேன்" என்றார். "ஏணி உச்சியிலதான் இருந்தேன், கொடிக்கு இலை போட்டுட்டு. தட்டிக்கு மேலால பின்பக்கம் தெரிஞ்சது. நீங்க டப்பாவை எடுத்துட்டு வந்து ரெண்டு பக்கமும் பார்த்தீங்க. மேல பார்க்கலை."

"கூப்பிட வாயைத் திறந்தேன். ஆனா நான் பார்த்துட்டேன்னு தெரிஞ்சா உங்க முகம் எப்படி ஆகும்னு நினைச்சு, எனக்குத்தான் வெட்கமாப் போச்சு. நீங்க போற வரைக்கும் அசையாம இருந்தேன். வீட்டுக்குப் போனா மனசு ஆறலை. எனக்கு யார்கிட்டயும் சண்டை போட வராது. அதான் சுவர்லயே கேட்டேன். நிலாக் காட்சியில மூணு நிமிஷம் தெரியும், போயிடும்."

திட்டியிருந்தால் நான் ஏதாவது ஜோக் அடித்துத் தப்பித்திருப்பேன்.

டைரக்டர் பலகையைக் கழற்றிக் கொண்டு வந்து என் பெயரை அழித்தார். பல் அக்காவின் முழுப் பெயர் அங்கே யாருக்கும் தெரியவில்லை, அவரிடமே கேட்டு எழுத வேண்டியிருந்தது. எழுத்தை மறைக்க அக்கா பழைய சிவப்பையே மறுபடி கலக்கினார். ஏணியைப் பிடிக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், லைட்டுக்காரர் பிடித்துக்கொள்வார் என்றார். லைட்டுக்காரரிடமும் மன்னிப்புக் கேட்டேன். ஏணி மேல் பார்த்ததாகச் சொன்னீர்கள், நான் ஏணி மேல் இருந்தேன், அது உண்மைதானே என்றார். சுருட்டிய ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போனார்.

எனக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். திரை இழுக்க ஆள் இல்லை. ஓரத்தில், கயிற்றுக்குப் பக்கத்தில், பார்வையாளர் யார் கண்ணிலும் படாமல் நிற்க வேண்டும்.

ஐந்து மணிக்கு வாசல் படியில் உட்கார்ந்து மாமனாருக்குப் போன் செய்தேன். டீச்சர் கொஞ்சம் தள்ளி நின்று பலகையைப் படித்துக்கொண்டிருந்தார். மறுமுனையில் மாமனார் உற்சாகமாக எடுத்தார். வேனில் இன்னும் ஒரு ஆளுக்கு இடமிருக்கிறது, கடைக்குப் பெயிண்ட் சப்ளை செய்கிறவரும் வருகிறார் என்றார். அவர் முடிக்கும்வரை காத்திருக்காமல் சொல்லிவிட்டேன்.

"மாமா, அந்தச் சுவர் நான் வரைஞ்சது இல்ல. வேற ஒருத்தங்க வரைஞ்சாங்க. நான் என் பேரைப் போட விட்டுட்டேன்."

கடையில் ஏதோ மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அது நின்றது.

"எனக்குக் கொஞ்சம் சந்தேகம் இருந்தது மாப்பிள்ளை. நீங்க ஸ்கேல் இல்லாம ஒரு கோடு நேரா போட்டு நான் பார்த்ததில்ல. இருந்தாலும் நம்பணும்னு ஆசையா இருந்தது."

வேனை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றேன். எல்லாரிடமும் சொல்லியாயிற்று, வந்து அந்த அம்மாவின் வேலையைப் பார்த்துவிட்டுப் போகிறோம் என்றார்.

"நீங்க எங்க உட்காருவீங்க?"

"உட்கார மாட்டேன் மாமா. திரை இழுக்கணும். உள்ளே ஓரமா நிப்பேன்."

"அப்போ எங்க பக்கத்திலிருந்து உங்களைப் பார்க்க முடியாது?"

"முடியாது."

மெஷினை மறுபடி ஓட விட்டார்.

"அதுவும் நல்லதுதான்" என்றார். போனை வைத்துவிட்டார்.